மருந்தகத் தராதரம் சுமையா?

கேள்வி: "தராதர விதிகள் கொழும்புக்கே பொருந்தும், மருந்துத் துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் கொடுக்க மறுத்தால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்கிறார் எங்கள் ஊர் மருந்தாளர். இது சரியா, ஐயா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அவருடைய சங்கடம் உண்மையானது. தனியொருவராகக் கடை நடத்துபவரை, மருந்தாளர் இல்லாத வேளையில் மருந்து வழங்கக் கூடாது என்ற விதியே முதலில் நெருக்கும். ஆனால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் கொழும்புக்கும் வன்னிக்கும் ஒன்றே. இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் சேமிக்க வேண்டும் என்பது வைகாசி வெயிலில் மின்சாரம் நின்றாலும் மாறாது. இங்கேதான் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்கும் தாய்க்கு (இந்தக் கேள்வியில் என் மனம் அவரையே சுற்றுகிறது) மருந்தாளரே முதல் ஆலோசகர். அவரை வெறுங்கையுடன் அனுப்பாமல், பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டு, தடிமன் வைரசால் வருவதால் அன்ரிபயோட்டிக் அதற்குப் பயன்தராது என்பதைப் பொறுமையாக விளக்கி, மூச்சுத்திணறல் போன்ற ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே வைத்தியரிடம் அனுப்புவதும் தராதரத்தின் பகுதியே. அடுத்த கடை பற்றிய அச்சத்துக்கு, ஊரின் மருந்தாளர்கள் கூடிப் பேசி ஒருமித்து மறுப்பதே வழி என்று நான் கருதுகிறேன்.