வீட்டுப் பட்டறைக்கு என்ன வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

மரவேலையையும் சின்னச் சின்னப் பழுதுபார்ப்பையும் வீட்டிலேயே ஆரம்பிக்க நினைப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மரவேலை கற்றுக்கொள்ள ஆசை. வீடியோக்களைப் பார்த்து முப்பதுக்கு மேற்பட்ட கருவிகளைப் பட்டியல் போட்டுவிட்டேன். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டாம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பட்டியலை ஓரமாக வையுங்கள். முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சுவரில் மாட்டும் ஒரு தட்டு, அல்லது ஒரு முக்காலி. அதற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

அளக்க ஒரு டேப், செங்கோணத்தில் கோடு போட ஒரு மூலைமட்டம், கூர்மையான பென்சில். அறுக்க ஒரு கைரம்பம். துளை போடவும் ஸ்க்ரூ முடுக்கவும் ஒரு கார்ட்லெஸ் டிரில். 6, 12, 25 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று உளிகள், அவற்றைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, தீட்ட ஒரு கல். ஒட்டும்போது பலகைகளை இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்ப், மரப்பசை, உப்புத்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவு இருந்தால் முக்காலி வந்துவிடும். மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியை அடுத்த வேலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ரம்பத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வழக்கமான கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய வகை இழுக்கும்போது அறுக்கும். அதனால் அதன் தகடு மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் குறுகலாக விழும். கோடு தப்பாமல் அறுக்க ஆரம்பக்காரர்களுக்கு இது சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

புதியவர்கள் வாங்காமல் விடுவது பெரும்பாலும் இரண்டைத்தான்: கிளாம்ப், தீட்டுகல். இரண்டும் கண்ணைப் பறிக்கும் சாமான்கள் இல்லை, ஆனால் இவை இல்லாமல் மற்றவை வேலை செய்யாது. தள்ளுபடிக் காசை அங்கே போடுங்கள்.

கேள்வி: 142 உருப்படிகள் கொண்ட டூல்கிட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி டிரில் முனையில் மாட்டும் ஸ்க்ரூ பிட்டுகளும், ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக்குகளும்தான்.

கேள்வி: '88 வோல்ட்' என்று அச்சிட்ட கார்ட்லெஸ் டிரில் வாங்கினேன். நண்பரின் 18 வோல்ட் டிரில் இதைவிட நன்றாகத் துளைக்கிறது. விற்றவரிடம் கேட்டால், உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்கிறார். என் மேல்தான் தவறா?

பதில்: இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதோடு உங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னது இரண்டாவது அநியாயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த டிரில்களின் பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம்-அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் 4.2. ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. நல்ல நிறுவனங்களே சில நாடுகளில் இதை '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கின்றன. மூன்று செல் போட்டால் 10.8. அதைத்தான் '12 வோல்ட்' என்கிறார்கள். இதுவரை பரவாயில்லை, ஓரளவு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

48, 88, 128 என்று எழுதி, பக்கத்தில் 'விஎஃப்' என்றோ 'டிவி' என்றோ இரண்டு எழுத்தைச் சேர்க்கிறார்களே, அதற்கு எந்தப் பொருளும் கிடையாது. யாராவது கேட்டால் 'அது அளவு இல்லை, மாடல் பெயர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் அந்த எழுத்துகள். நிஜமாகவே 88 வோல்ட் வேண்டுமென்றால் சுமார் 24 செல்கள் வரிசையாக வேண்டும். பரவலாகப் பயன்படும் செல் ஒன்று 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. எடை 45 கிராமுக்கு மேல். செல்கள் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பேட்டரியில் அவை எங்கே உட்காரும்?

பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும் இடத்தைப் படியுங்கள். அநேகமாக 21 வோல்ட் என்று இருக்கும். அப்படியானால் உள்ளே ஐந்து செல்தான். சார்ஜர் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டைத்தான் தர வேண்டும், அங்கே பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள்.

இதே பொய் ஆம்பியர்-அவரிலும், அதாவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்ணிலும், உண்டு. அந்த அளவுள்ள ஒரு செல், நல்ல தரமாக இருந்தாலும், சுமார் 3.5 ஆம்பியர்-அவருக்கு மேல் தாங்குவதில்லை. ஐந்தை வரிசையாக இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-அவர் கூடாது. ஆகவே ஐந்து செல் பேட்டரியில் '15 ஆம்பியர்-அவர்' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒப்பிட வேண்டுமென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். பேட்டரியில் உண்மையாக எவ்வளவு சக்தி இருக்கிறது என்பது அந்த எண்ணில்தான் தெரியும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: விளம்பரப் பக்கம், பேட்டரி லேபிள், சார்ஜர் லேபிள் மூன்றையும் இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை நாளை மாற்றிவிடுவார்கள். புகாரில் 'சரியாக வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள், அது வாதத்துக்கு இடம் கொடுக்கும். 'விவரத்தில் சொன்னதும் பொருளும் வேறு' என்று எழுதி, மூன்று படங்களையும் இணையுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் அதே வார்த்தைகளில் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: புது அளவு டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது. ரிவெட் தளர்ந்த பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திருப்பி அனுப்பப் போகிறேன்.

பதில்: அனுப்பாதீர்கள். கொக்கி அதன் தடிமன் அளவுக்கு ஆட வேண்டும். வெளிவிளிம்பில் மாட்டி இழுக்கும்போது அது வெளியே வரும், உள்சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்குத்தான் அந்த ஆட்டம். அந்த ஒரு நட்சத்திரத்தை ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பாவம்.

கேள்வி: மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டும் என் பெட்டிகள் கோணலாகவே வருகின்றன. மட்டத்தின் மேல் சந்தேகம். மட்டம் வந்த அட்டைப்பெட்டியை நான் பிரித்துவிட்டதால் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

பதில்: பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? நியாயமற்ற பேச்சு. நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை அப்படியே மறுபக்கம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் நல்லது. விலகினால் அந்த இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிழை. கடைக்காரர் கண்ணெதிரே போட்டுக் காட்டுங்கள். நான் வாங்கிய ஒரு காம்பினேஷன் மட்டம் இந்தச் சோதனையில் ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்படி விலகியது. அழகான பெட்டி, உள்ளே கோணல் இரும்பு. அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சமாளிக்கலாம். செங்கோணம் தப்பினால் எந்த மூட்டும் சேராது.

கேள்வி: புதிதாக வாங்கிய உளி மரத்தைச் சீவாமல் நசுக்குகிறது. மட்டமான சரக்கா?

பதில்: இப்போதே சொல்ல முடியாது. எந்த உளியும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வேலைக்குத் தயாராக இருப்பது அரிது. முதலில் தட்டையான பின்பக்கத்தில், முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கல்லில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பிறகு சரிவுப் பக்கம். பொதுவாக 25 டிகிரியில் வரும். நுனியில் மட்டும் 30 டிகிரிக்கு ஒரு மெல்லிய சரிவு கொடுத்தால் கூர் அதிக நாள் நிற்கும். 1000 கிரிட் கல், அப்புறம் 6000. எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். கல் வாங்கக் காசு போதாவிட்டால் தடித்த கண்ணாடியில் பொடி உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கலாம். கையில் கோணம் நிற்கவில்லையென்றால் உளியைப் பிடித்துக்கொள்ளும் சின்னச் சக்கர வண்டி கிடைக்கிறது, கூச்சப்படாமல் வாங்குங்கள். மோட்டார் சாணையில் மட்டும் வேகமாகத் தீட்டாதீர்கள். முனை நீலமாக மாறினால் இரும்பின் பதம், அதாவது சூடேற்றிக் கொடுத்த கடினம், போய்விட்டது என்று பொருள்.

இவ்வளவும் செய்த பிறகும் கூர் மடங்கினால் இரும்பு மென்மையானது. அப்போது மட்டமான சரக்குதான். 'குரோம் வனேடியம்' என்று பொறித்த ஒரு செட் என்னிடம் இருக்கிறது. பைன் மரத்திலேயே முனை மடங்கும். விற்றவர் திருப்பி எடுக்கவும் இல்லை. இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்லும், பதம் சரியாக ஏற்றினார்களா என்பதைச் சொல்லாது.

கேள்வி: மரத்தைக் குடையும் ரவுட்டர் என்ற மின்கருவி தள்ளுபடியில் வந்ததால் வாங்கிவிட்டேன். எதற்குப் பயன்படும் என்று சொல்ல முடியுமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விளிம்பை உருட்டவும், பள்ளம் வெட்டவும், அச்சு வைத்து ஒரே வடிவத்தைத் திரும்ப வெட்டவும் பயன்படும். பெட்டியைப் பிரிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வட்ட ரம்பம் தனியாக எதற்கு? கையிலிருக்கும், இரும்பு தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டரிலேயே பல் வைத்த மரம் வெட்டும் பிளேடைப் போட்டுவிட்டேன். பிளேடை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டு இடித்ததால் அதைக் கழற்றிவிட்டேன். எந்தப் பிளேடு நன்றாக இருக்கும்?

பதில்: எந்தப் பிளேடும் நன்றாக இருக்காது. இதைப் படித்தவுடன் கழற்றி எறியுங்கள்.

சின்ன கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வட்ட ரம்பத்தின் வேகம் ஏறத்தாழ அதில் பாதி. ரம்பத்துக்குப் பலகைமேல் உட்காரும் தட்டு உண்டு, பிளேடை மூடும் கார்டு உண்டு. கிரைண்டருக்குத் தட்டு கிடையாது, இருந்த கார்டையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். உங்கள் கை ஆடுகிற பக்கமெல்லாம் பிளேடும் ஆடும். ஒரு பல் மரத்தில் கவ்வியவுடன் இயந்திரம் மொத்தமும் உங்கள் மேல் திரும்பும். கார்டையும் கழற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். வட்ட ரம்பத்துக்குக் காசு இல்லையென்றால் கைரம்பத்தால் அறுங்கள். நேரம்தான் கூடும், விரல்கள் இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்கிறேன் என்று பதில் எழுதாதீர்கள். சுழலும் கருவியில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கேள்வி: ஸ்க்ரூ தலை அடிக்கடி நசுங்கிவிடுகிறது. டிரில் பலம் அதிகமோ?

பதில்: பிட் மாறியிருக்கும். சிலுவைத் தலையில் இரண்டு வகை உண்டு: பிலிப்ஸ், போசிடிரைவ். சிலுவையின் கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருந்தால் அது போசிடிரைவ். அதற்கு 'பிஇசட்' பொறித்த பிட், மற்றதற்கு 'பிஎச்'.

கேள்வி: தீட்டுபவர் என் கைரம்பத்தைத் தொடவே மறுக்கிறார். சோம்பேறித்தனமா?

பதில்: நேர்மையானவர். பல் நுனிகள் கருநீலமாக இருக்கிறதா பாருங்கள். அவை கடினப்படுத்திய பற்கள், அரம் வழுக்கும். தேய்ந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

கேள்வி: உப்புத்தாள் போட்டால் தும்மல் நிற்பதில்லை. துணி கட்டிக்கொள்கிறேன், போதுமா?

பதில்: போதாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் போடுங்கள். மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வீட்டுக்குள் தேய்க்காதீர்கள்.

கேள்வி: தச்சு வேலை செய்த என் அப்பா இறந்துவிட்டார். அவருடைய இரும்பு இழைப்புளி துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு புதியதில் கொஞ்சம் விலை குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? நானும் பழக நினைக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் கேட்பதிலிருந்தே அதற்கு மதிப்பு இருப்பது தெரிகிறது. அடித்தட்டில், முக்கியமாக பிளேடு வரும் வாய்ப் பகுதியில், விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இல்லை, பிளேடிலும் தீட்டுவதற்கு இரும்பு மீதி இருக்கிறது என்றால் அது இன்னும் பல காலம் உழைக்கும். மேல்துருவை எண்ணெய் தொட்ட பொடி உப்புத்தாளால் எடுக்கலாம். ஆழமாக இருந்தால் மரப்பிடிகளைக் கழற்றிவிட்டு இரும்புப் பாகங்களை வினிகரில் ஓரிரவு ஊற வையுங்கள். பிறகு நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூசுங்கள். அடித்தட்டைச் சமமாக்க, தடித்த கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேயுங்கள். பிளேடைத் தீட்டுவது உளிக்குச் சொன்ன அதே முறைதான். முதலில் மெல்லிய சீவலுக்கு வைத்து, மர இழை ஓடும் திசையிலேயே தள்ளிப் பாருங்கள். மரம் பிய்ந்தால் பலகையைத் திருப்பி வையுங்கள்.