பரோல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய கட்டுரையில், விசா இல்லாதவரைத் தற்காலிகமாக நாட்டுக்குள் விடும் ‘பரோல்’ என்ற ஏற்பாட்டைக் கட்டுப்படுத்தும் மசோதாவை ‘ஈரமில்லாதது’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள். நான் பதினோரு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். வரிசையே இல்லாமல் லட்சக்கணக்கானவர்களை உள்ளே விட்டால் எரிச்சல் வராதா? ஆளாளுக்குத் தனியாகப் பார்த்துத்தான் பரோல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே. அப்புறம், இந்த மசோதா வந்தால் என் அட்வான்ஸ் பரோலும் (வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) போய்விடுமா? அம்மாவைப் பார்க்க மதுரை போக வேண்டும்.

ஒரு வாசகர், டல்லாஸ்

அன்புள்ள நண்பருக்கு,

‘ஈரமில்லாதது’ அவசரத்தில் விழுந்த சொல். சட்டம் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. பரோல் கொடுக்க அரசுக்கு 1952 முதல் இருந்த அதிகாரத்தை 1996-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இறுக்கியது. ஒவ்வொருவராகப் பரிசீலித்து, அவசர மனிதாபிமானக் காரணமோ கணிசமான பொதுநன்மையோ இருந்தால் மட்டும்தான் பரோல். பைடன் அரசு கியூபா, ஹைட்டி, நிகராகுவா, வெனிசுவேலா நாட்டவருக்கு மாதம் 30,000 பேர் வரை என்று திட்டம் போட்டது. மாதக் கோட்டா வைத்துவிட்டு ‘ஆளாளுக்குப் பார்த்தோம்’ என்றால் யார் நம்புவார்?

ஆனால் மசோதாவைப் படித்துப் பாருங்கள். 2023 மே 11 அன்று கீழவையில் 219-213 என்று நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. மனிதாபிமானக் காரணம் எது என்று அது பட்டியலே போடுகிறது: மருத்துவ அவசரம், உறுப்பு தானம், சாகக்கிடக்கும் நெருங்கிய உறவினர், இறுதிச் சடங்கு, இப்படிச் சில. நம் ஊரில் ஜெயில் கைதிக்கு பரோல் கொடுக்கும் காரணங்கள்தான். (கல்யாணம்கூட மசோதாவில் இல்லை.)

1956-இல் சோவியத் டாங்கிகளுக்குத் தப்பி ஓடிவந்த ஹங்கேரியர்களை இதில் எந்த வரியில் சேர்ப்பது? அவர்களில் 30,000-க்கும் மேற்பட்டோரை அதிபர் ஐசனோவர் பரோலில்தான் அழைத்துக்கொண்டார். நியூ ஜெர்சியில் கில்மர் என்ற ராணுவ முகாமில் இறக்கி, பிறகு ஊர் ஊராக அனுப்பினார்கள். 1958-இல் அவர்கள் நிரந்தரமாகத் தங்க காங்கிரஸே தனிச்சட்டம் போட்டது. 2021-இல் காபூலிலிருந்து வந்த 70,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த இரண்டாவது பாதி, அதாவது நிரந்தரமாகத் தங்கவிடும் தனிச்சட்டம், கிடைக்கவில்லை.

பரோலில் வந்தவர் ‘உள்ளே’ வந்துவிட்டார் என்பதும் பாதி உண்மைதான். 1914-இல் ரஷ்யாவிலிருந்து நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதிக்கும் எல்லிஸ் தீவுக்கு வந்த ஒரு சிறுமியை மனவளர்ச்சிக் குறைவு என்று சொல்லித் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்கள். போர் வந்ததால் அனுப்ப முடியவில்லை. ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பில் விட்டார்கள். அப்பாவோடு அமெரிக்காவில் வளர்ந்தாள். அப்பா குடிமகனும் ஆனார். 1925-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சட்டத்தின் பார்வையில் அவள் இன்னும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறாளாம். இத்தனை வருடம் அப்பா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு!

அந்தத் தர்க்கம் இன்னும் சாகவில்லை. நான்கு நாட்டுத் திட்டத்தில் வந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பரோலை 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்த மே 30 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கொடுக்கும்போது ஆளாளுக்குப் பார்க்க வேண்டும், பறிக்கும்போது மொத்தமாகப் பறிக்கலாம். என் சண்டை இதோடுதான். மசோதா கொடுக்கும் கையைத்தான் கட்டுகிறது.

உங்கள் வரிசைக்கு வருகிறேன். அதை நீட்டியவர் வெனிசுவேலாக்காரர் இல்லை. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று 1990-இல் எழுதிய சட்டம்தான் நீட்டியது. ஒருவரை பரோலில் விடுவதால் அந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

அட்வான்ஸ் பரோல் பற்றிப் பயப்பட வேண்டாம். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டு வெளிநாடு போய்த் திரும்புகிறவரை அந்தப் பட்டியலிலேயே ஒரு வரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் கிளம்பும் முன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித் தாள் கைக்கு வராமல் மட்டும் விமானம் ஏறிவிடாதீர்கள். பொதுவாக மனுவையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் ஐ-94 என்ற வருகைப் பதிவைப் பாருங்கள், ‘டிஏ’ என்று இருக்கும். பரோலில் வந்தவர் என்று அர்த்தம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.