முதலில் இன்லெட்டைப் பார்

அன்புள்ள அண்ணாச்சி,

பணகுடிப் பக்கம் சொந்த ஊர். மாக் 2, அதாவது ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில், தட்டைத் தகட்டின் மேல் ஓடும் காற்றில் தகட்டை ஒட்டிய கொந்தளிப்பு எல்லை அடுக்கை, சிறு சுழலையும் விடாமல் நேரடியாகக் கணிக்கும் டிஎன்எஸ் முறையில் கணித்து வருகிறேன். காற்று நுழையும் இன்லெட்டில், செயற்கைக் கொந்தளிப்பை ஊட்டும் டிஜிட்டல் ஃபில்டர். கணிக்கும் பகுதியான டொமைனின் நீளம் 12 டெல்டா (டெல்டா என்பது எல்லை அடுக்கின் தடிப்பு), அளப்பது 6 டெல்டாவில். கிரிட் இடைவெளி, சுவர் உராய்வை வைத்து வரும் சுவர் அலகில், நீளவாக்கில் 8, குறுக்கே 5, சுவரை ஒட்டி 0.7. காற்றின் தேக்க வெப்பநிலை (ஓட்டத்தை முழுதும் நிறுத்தினால் வருவது) 300 கெல்வின், சுவரும் 300. அதாவது வெப்பம் கடக்காத அடியபாடிக் சுவர். சுவர் உராய்வைக் காட்டும் உராய்வுக் கெழு, அதற்கென உள்ள வான் டிரீஸ்ட் 2 சூத்திரம் தருவதைவிட 15 சதவீதம் குறைகிறது. கிரிட்டை இருமடங்கு நெருக்கமாக்கவா? அடர்த்தி மாறாத ஓட்டத்தோடு ஒப்பிட, வேகப் படத்துக்கு வான் டிரீஸ்ட் மாற்றமா, டிரெட்டல்–லார்சன் மாற்றமா? இதெல்லாம் நம்ம ஊருக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அன்புள்ள தம்பி,

வீட்டில் கேட்டால் பக்கத்தில் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தைக் காட்டு. அங்கே சோதிக்கும் ராக்கெட் எஞ்சின் நாசிலின் உட்சுவரில் இருப்பதும், அடர்த்தி மாறுகிற அமுங்கும் பாய்வின் எல்லை அடுக்குதான். ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை இதில் சேர்க்காதே; சிறகு நுனி நொடிக்கு 80 மீட்டர் போனாலும் மாக் 0.25-ஐ எட்டாது, காற்று அமுங்குவது அங்கே பொருட்டில்லை.

மாற்றங்களின் சண்டையும் இப்போது உனக்கு வேண்டாம். குளிர்ந்த சுவரில்தான் 1951-இன் வான் டிரீஸ்ட் மாற்றம் தடுமாறும். உன் சுவருக்கு அது போதும்.

சுவர் என்றதும் கோபம் வருகிறது. மாக் 2-இல் தேக்கம் 300 என்றால் வெளிக்காற்று சுமார் 167 கெல்வின். ஓட்டத்தின் ஆற்றலில் எவ்வளவு சுவரில் வெப்பமாக மீள்கிறது என்று சொல்லும் மீட்சிக் காரணியை 0.89 என்று வைத்துக் கணக்கிட்டால் அடியபாடிக் சுவர் 285-இல் நிற்கும். 300-இல் வைத்தால் சுவர் காற்றைச் சூடாக்குகிறது. ஒரு வரிக் கணக்கு இது, போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? உராய்வு கொஞ்சம் குறைய இதுவும் காரணம். ஆனால் 15 சதவீதத்தை இது விளக்காது.

அதை விளக்குவது இன்லெட். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. டிஜிட்டல் ஃபில்டர் தருவது, நீ கேட்ட ரெனால்ட்ஸ் தகைவுகளும் (ஏற்ற இறக்கத்தின் சராசரி வலு) நீள அளவுகளும் கொண்ட, தற்செயல் எண்களில் நெய்த ஏற்ற இறக்கம். சுவரை ஒட்டிய வேகக் கீற்றுகளும், அவற்றைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கும் சுழல்களும் அதில் கிடையாது. உள்ளே வந்ததும் கொந்தளிப்பு தளரும், உராய்வுக் கெழு சரியும், பிறகு மெல்ல ஏறும். 10 முதல் 20 டெல்டா வரை அதற்குத் தேவைப்படும். மதகு வாயிலிலேயே கோலை ஊன்றிவிட்டு ஆற்றின் ஓட்டம் இதுதான் என்பாயா? 6 டெல்டாவில் அளந்துவிட்டு கிரிட்டின் மேல் பழி போடுகிறாய்.

அமுங்கும் பாய்வில் இன்னொரு கேடும் உண்டு. வேக ஏற்ற இறக்கத்தோடு வெப்பநிலையையும் அடர்த்தியையும் பொருத்தித் தர வேண்டும். வேகத்திலிருந்து வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைத் தரும் வலுவான ரெனால்ட்ஸ் ஒப்புமை அதற்குத்தான். தவறினால் இன்லெட்டிலேயே போலி ஒலியலை பிறக்கும். மேல் எல்லை அதை வெளியே விடாவிட்டால் சுவருக்கே திரும்பி வரும்.

ஃபில்டரை விட்டுவிட்டு 1998-இல் லண்ட், வூ, ஸ்குவயர்ஸ் காட்டிய, கீழே ஓரிடத்து ஓட்டத்தை அளவு மாற்றி இன்லெட்டில் திரும்ப ஊட்டும் மறுசுழற்சி முறைக்கு ஓடிவிடாதே. அதில் கொந்தளிப்பு சீக்கிரம் நிலைக்கு வரும், உண்மை. ஆனால் மறுசுழற்சித் தூரத்துக்கேற்ற ஒரு போலி அதிர்வெண் ஸ்பெக்ட்ரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாளை அதிர்ச்சி அலையை வைத்துத் தாழ் அதிர்வெண்களை ஆராயும்போது அது உன்னை ஏமாற்றும்.

உராய்வுக் கெழுவை நீளவாக்கில் வரை. கூடவே, எல்லை அடுக்கு இழந்த உந்தத்தைத் தடிப்பாகச் சொல்லும் உந்தத் தடிப்பு வளரும் வீதத்தின் இருமடங்கையும் வரை. அழுத்தம் மாறாத தகட்டில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் சராசரி எடுத்த நேரம் போதவில்லை, அல்லது கணிப்பிலேயே பிழை. இரண்டும் ஒத்துப்போயும், உந்தத் தடிப்பை வைத்த அதே ரெனால்ட்ஸ் எண்ணில் கெழு சூத்திரத்தைவிடத் தாழ்ந்தே இருந்தால் குற்றவாளி இன்லெட்.

கிரிட்டை மூன்று திசையிலும் இருமடங்காக்கினால் புள்ளிகள் 8 மடங்கு, காலப்படி பாதி, செலவு 16 மடங்கு. இருக்கிற இடைவெளியிலேயே டொமைனை 30 டெல்டாவாக நீட்டினால் செலவு இரண்டரை மடங்குதான். சுவரை 285-க்கு மாற்றி அதை ஓட்டு. 20 டெல்டாவுக்கு முந்தைய எண் எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதே. வரைபடம் வந்ததும் அனுப்பு, தம்பி, நான் பார்க்கிறேன்.