நகரத் திட்டமிடும் வல்லுநர்களால் எல்லோருக்குமான ஊரை உருவாக்க முடியுமா? அதற்காக இந்தப் படிப்புக்கு வரலாமா?

முடியும் என்றுதான் நம்புகிறேன். இல்லாவிட்டால் இத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்திருக்க மாட்டேன். கேள்வியோடு, ‘ஏழைகளை ஊருக்கு வெளியே தள்ள வரைபடம் போட்டுக் கொடுப்பவர்கள்தானே இவர்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை) கடைசி வருடத்தில் இருக்கிறீர்கள், எம்.பிளான். (நகரத் திட்டமிடல் முதுநிலை) பக்கம் மனசு போகிறது, வீட்டில் ‘நாலு வீடு கட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கிற வழியைப் பார்’ என்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றுவரை சொந்தக்காரர்கள் போன் செய்தால், ‘இந்த மனை டிடிசிபி அப்ரூவலா, கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா’ என்பதற்குத்தான். (டிடிசிபி என்பது மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்புத் துறை.)

நான் அரசு அதிகாரி இல்லை. சென்னையில் தனியார் ஆலோசனை நிறுவனங்களில் வேலை பார்த்தவள், பார்க்கிறவள். யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு திட்டம் யாருக்கானது என்பது வரைபடம் போடும்போது முடிவாகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது வெகு முன்னாலேயே, சர்வே படிவம் தயாராகும்போதே முடிவாகிவிடுகிறது. எந்த நேரத்தில் எண்ணுகிறோம், வீட்டில் யாரிடம் கேட்கிறோம், எதைப் பயணம் என்று ஒத்துக்கொள்கிறோம், எதைத் தள்ளிவிடுகிறோம் என்பதெல்லாம் அந்த இரண்டு தாளில் இருக்கிறது. அதில் இடம் கிடைக்காதவருக்குத் திட்டத்திலும் இடம் கிடைக்காது. வல்லுநர் கையில் உண்மையாகவே இருக்கிற அதிகாரம் அந்தப் படிவம்தான். நிதியும் முடிவும் வேறு யாரிடமோ இருக்கும். படிவம் நம்மிடம் இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சென்னையின் தெற்கே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், அதாவது ஊருக்குள் குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் குடிவைத்த இடத்தில், போக்குவரத்து ஆய்வு. எந்தக் குடியிருப்பு, யாருக்காகச் செய்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். எங்களுக்குக் கொடுத்த வீட்டுப் படிவம், வேறு ஊர்களிலும் பயன்பட்ட அதே படிவம். குடும்பத் தலைவர் பெயர், தொழில், வேலைக்குப் போகும் இடம், நேற்று எங்கே போனார், எதில் போனார். வாகனத்துக்கு இரு சக்கரம், கார், பேருந்து, ரயில், மற்றவை என்று கட்டங்கள். நடையும் ஷேர் ஆட்டோவும் ‘மற்றவை’க்குள் போக வேண்டும். அரை கிலோமீட்டருக்குக் குறைந்த நடை கணக்கிலேயே வராது.

சாயங்காலம் நிரப்பிய படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு தாளில் குடும்பத் தலைவர் பெயிண்டர், நேற்று வேலை இல்லை, பயணம் சுழியம் என்று இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒருவருமே நாள் முழுக்க வெளியே போகவில்லையா என்று சந்தேகம் வந்து, மறுநாள் அந்த வீட்டுக்கே போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. படிக்கட்டில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், ‘அவரு வீட்லதான் இருந்தாரு, கரெக்ட்டாதான் எழுதிருக்காங்க. என்னைய யாரும் கேக்கலையே’ என்றார். அவர் அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன் கிளம்பி மெயின் ரோடு வரை நடை, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு பேருந்து, வீட்டுக்கு வீடு நடை, திரும்பும்போது ரேஷன் கடை, பள்ளிக்கூடத்திலிருந்து பேத்தி. இத்தனையும் எங்கள் தாளில் சுழியமாக இருந்தது.

கிளம்பும்போது அவர் கேட்டது இன்னொன்று. ‘ஏம்மா, பஸ் ஸ்டாப்புல பசங்க ஆறு மணிக்கு வந்து எண்றாங்களே, நாங்க நாலரைக்கே போய்டுவோமே, எங்கள யாரு எண்ணுவாங்க?’

சாலையில் ஆள் எண்ணுவது காலை ஆறு முதல் இரவு பத்து வரை, பதினாறு மணி நேரம். துறையில் வழக்கமான அளவு அதுதான். ஆனால் துப்புரவுப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு நாள் நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அலுவலகத்தில் போய் இதைச் சொன்னேன். ஒப்பந்தத்தில் பதினாறு மணி நேரம்தான் இருக்கிறது, கூடுதல் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்றார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் குடியிருப்பை ஒட்டிய இரண்டு நிறுத்தங்களில் மட்டும் நாலு மணியிலிருந்து எண்ணலாம், வீட்டுப் படிவத்தில் வயது வந்த எல்லோரையும் தனித்தனியாகக் கேட்கலாம், நடைக்குத் தனிக் கட்டம் போடலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். அதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த இருட்டு நேரத்து எண்ணிக்கை வந்ததும் அறையில் பேச்சே மாறியது. நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிறுத்தத்தில் விளக்கு இல்லை, எதிரே இருந்த டீக்கடை வெளிச்சத்தை நம்பித்தான் கும்பலாக நிற்கிறார்கள் என்று எண்ணப் போன பிள்ளைகளே குறிப்பு எழுதியிருந்தார்கள். பரிந்துரையில் விளக்கும், குடியிருப்பு வாசலுக்கே பேருந்தும், முதல் பேருந்தை இன்னும் சீக்கிரம் விடுவதும் சேர்ந்தன. விளக்கு வந்தது. முதல் பேருந்தும் கொஞ்ச நாளில் முன்பைவிடச் சீக்கிரம் வரத் தொடங்கியது. எங்கள் அறிக்கையால்தான் வந்தது என்று உரிமை கொண்டாட மாட்டேன். அந்தப் பெண்களே கவுன்சிலர் வரை போய்ப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நிறுத்தம் உள்ளே வரவில்லை. இன்னும் மெயின் ரோட்டில்தான் இருக்கிறது.

‘ஒரு விளக்குக் கம்பத்துக்கு இவ்வளவு பீற்றலா, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டதே தப்பு’ என்று யாராவது எழுதுவார்கள். எழுதுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2000-ல் ஆரம்பித்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பல்லாயிரம் குடும்பங்களை ஆற்றங்கரைகளிலிருந்து கொண்டுபோனது, வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கேயே இருக்கும்போது படுக்கிற இடத்தை மட்டும் பெயர்த்து வைத்ததுதான். அதற்கு வரைபடம் போட்டவர்களும் எங்கள் ஆட்களே. மறுக்கவில்லை. ஆனால் போனவர்கள் போய்விட்டார்கள், அங்கே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு இன்றைக்கு நாலரை மணி பேருந்து வேண்டும். பழைய பாவத்தைப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ள அவர்களால் முடியாது.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல். 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கு. பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மக்கள் போனது 2011-க்குப் பிறகு, அதிலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னால்தான் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பழைய கணக்கெடுப்பை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால், அவர்கள் இன்னும் அடையாறு, கூவம் கரையில்தான் இருக்கிறார்கள். எத்தனை பள்ளி, எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம், எவ்வளவு குடிநீர் என்பதெல்லாம் தலைக்கணக்கிலிருந்துதானே வருகிறது? இந்த இடைவெளியை ரேஷன் அட்டை, மின் இணைப்பு, வீடு கொடுத்த வாரியத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியல் என்று கிடைத்ததை வைத்து நிரப்புகிற ஆள்தான் வல்லுநர். வெளியில் யாருக்கும் தெரியாத, புகைப்படம் எடுக்க முடியாத வேலை. எனக்கு இதில்தான் பெருமை.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. அதிலும் அடிப்படை சர்வேதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும், அதில் பெயர் வந்தவருக்குத்தான் சான்றிதழ். பகலில் மட்டும் சுற்றினால், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளுவண்டி போடும் பஜ்ஜிக் கடைக்காரர் அந்த ஊரில் இல்லாதவர் ஆகிவிடுவார். தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் கமிட்டியில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான்.

வெளிநாட்டில் மட்டும் என்ன, அங்கேயும் எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள். வியன்னாவில் தொண்ணூறுகளில் பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவதே குறைந்துவிடுவது தெரிந்தது. இருந்த ஒரே பெரிய மைதானத்தைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 1999-ல் சோதனையாகச் சில பூங்காக்களை மாற்றி, சிறு சிறு இடங்களாகப் பிரித்து, நடைபாதையும் உட்காரும் இடங்களும் சேர்த்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். ஏவா கைல் என்ற திட்டவியலாளர் அந்த நகராட்சிக்கு உள்ளேயே இருந்து இதற்காகப் பல வருடம் உழைத்தவர்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஸ்காட்லாந்துத் திட்டவியலாளர் பேட்ரிக் கெடிஸ் 1914-ல் நகரக் கண்காட்சிக்காக இந்தியாவுக்கு வந்தபோது, அவருடைய வரைபடங்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். மனிதர் அசரவில்லை, புதிதாகப் படங்களைச் சேர்த்து 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதராஸ் மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். என் தஞ்சாவூரின் கோட்டைப் பகுதிக்கு நேர்கோட்டில் தெரு வெட்டுவதற்கு மாறாக, பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, காலி இடங்களைச் சேர்த்து, மற்றவர்களை இருந்த இடத்திலேயே இருக்க விடலாம் என்று சொன்னார். முதலில் ஆய்வு, பிறகு திட்டம் என்பதுதான் அவர் பாடம். நூறு வருடத்துக்கு முன் நம் மண்ணிலேயே சொன்னதைக் கேட்காமல், ஆக்கிரமிப்பு அகற்றம் என்று மொத்தமாகப் பெயர்த்தோமே என்ற ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

ஆத்திரம் என்றதும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்த நாலு மணி இருட்டில் போய் நின்று எண்ணினார்களே, அந்தப் பிள்ளைகள் கல்லூரி மாணவர்கள். ஆள் பிடித்துக் கொடுத்த உள்ஒப்பந்தக்காரர் அவர்களுக்குப் பேசிய தினக்கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்தார். சிலருக்குக் கடைசிவரை முழுசாகக் கொடுக்கவே இல்லை. கேட்டால் ‘படிக்கிற பசங்களுக்கு அனுபவம்தானே முக்கியம்’ என்றார். திருவாரூரிலிருந்து வந்து தங்கிப் படித்த ஒரு பெண், மெஸ் பாக்கிக்கு என்ன செய்வது என்று என்னிடம் அழுதாள். மேலே எழுதிக் கொடுத்தேன், சண்டை போட்டேன், பாதிதான் வாங்கித் தர முடிந்தது. கோடிக்கணக்கில் போகிற திட்டத்துக்கு அடித்தளமே அந்தப் பிள்ளைகள் போட்ட கோடுகள். அதற்குப் போய்க் காசு மிச்சம் பிடிப்பதா? நீங்கள் இந்தத் துறைக்கு வந்து நாளைக்கு மேலே போனால், இதை மட்டுமாவது மாற்றுங்கள்.

சரி, படிப்பு விஷயம். ‘வல்லுநர் என்ன எழுதினாலும் அரசியல்வாதிதானே முடிவெடுப்பார்’ என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். முடிவெடுக்க வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் மேஜைக்குப் போகிற தாளில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதே நம் பொறுப்பு. அப்புறம், முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போய், இது உங்கள் தெருவை என்ன செய்யப் போகிறது என்று உட்கார்ந்து விளக்கவும் படித்த ஆள் வேண்டும். அது திட்டவியலாளரின் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவும் வேலைதான்.

தமிழ்நாட்டில் எம்.பிளான். சேர சீட்டா-பிஜி தேர்வு, டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் எஸ்பிஏக்களுக்கு (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள்) கேட் (GATE) தேர்வு. கட்டடக்கலை, சிவில் மட்டுமல்ல, புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுநிலை முடித்தவர்களையும் சில நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்படிப் பல துறையினர் கலந்த வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். சேருவதற்கு முன் சீனியர்களிடம் ஒன்று விசாரியுங்கள்: கள ஆய்வுக்கு எங்கே அனுப்புகிறார்கள், படிவத்தை மாணவர்களே தயாரிக்கிறார்களா, இல்லை தயாராக இருப்பதைக் கையில் கொடுக்கிறார்களா என்று. மாணவர்களே தயாரிக்கிறார்கள் என்றால் தைரியமாகச் சேருங்கள்.