மெதுவாகப் படிப்பவர்கள் பழைய துப்பறியும் நாவல் வாசிப்புச் சவாலில் சேரலாமா?

1960க்கு முன் வந்த துப்பறியும் நாவல்களை ஒரு வருடத்தில் இத்தனை என்று கணக்கு வைத்துப் படிக்கும் சவாலில் சேர ஆசை, ஆனால் மெதுவாகத்தான் படிப்பேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். மெதுவாகப் படிப்பவர் என்பதாலேயே சேருங்கள்.

நான் சேர்ந்த வருடம் 24 என்று இலக்கு வைத்தேன். மார்ச் முடிவதற்குள் எட்டு முடித்துவிட்டேன். நான்காவது நாவலில் கொலை செய்தது யார் என்று தங்கை கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

ஒன்பதாவதாக எடுத்தது டோரதி எல். சேயர்ஸ் 1931இல் எழுதிய 'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்'. ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில் ஓர் ஓவியர் ஓடைப் பாறைகளில் செத்துக் கிடக்கிறார். சந்தேகத்துக்குரிய ஆறு பேரும் ஓவியர்கள். யார் எந்த ரயிலில் ஏறினார், யார் சைக்கிளில் போனார் என்று பக்கம் பக்கமாக நேரக்கணக்கு. பாதியில் வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

அப்பா ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக, அதாவது ரயில்களின் ஓட்டத்தைக் கண்காணிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை முடிந்து படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். ரயில் வருகிற கதை என்றதும் "வாசி, கேட்போம்" என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். மூன்றாம் நாள், பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னார். மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், இடமிருந்து வலமாக மணி, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு சாய்வுக் கோடு. கன்ட்ரோல் ஆபீஸில் முப்பது வருடம் அவர் போட்ட அதே சார்ட். கிர்வன், நியூட்டன் ஸ்டூவர்ட், கேட்ஹவுஸ் எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டன.

இடங்களும் ரயில்களும் நிஜமானவை என்று சேயர்ஸ் முன்னுரையிலேயே சொல்கிறார். சரி பார்ப்போம் என்று தேடினோம். கேட்ஹவுஸ் ஸ்டேஷன் ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளித்தான் இருந்திருக்கிறது. அந்த லைனையே 1965இல் மூடிவிட்டார்கள் என்று படித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

தொடக்கத்தில் ஓர் இடத்தில், துப்பறிபவர் எதைத் தேடச் சொன்னார் என்பதைப் புத்திசாலி வாசகரே ஊகித்துக்கொள்வார் என்று சொல்லி சேயர்ஸ் எழுதாமல் விட்டிருப்பார். அதற்கு மட்டும் இரண்டு நாள் யோசித்தோம். கடைசி அத்தியாயங்களுக்கு முன்னால் புத்தகத்தை மூடி, ஆளுக்கொரு தாளில் விடை எழுதினோம். அப்பா ஆளைத் தப்பாகச் சொன்னார். ரயிலைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஒரே நாவலுக்கு ஐந்து வாரம். அந்த வருடம் மொத்தம் 13 தான். சவாலில் தோற்றவள் அறிவுரை சொல்லலாமா என்று யாராவது கேட்கக்கூடும். அந்த ஒன்பதாவதிலிருந்து படித்த ஐந்தும் இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. முதல் எட்டு இல்லை. அந்தக் கால நாவல்களில் யூதர்களையும் சீனர்களையும் இழிவாக எழுதியிருப்பதை மறந்துவிட்டுப் புகழ்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட வரிகள் வரும்போது வாய்விட்டுப் படிக்கவே கூசும். ஆனாலும் விடாமல் படித்தேன். அப்பாவும் முகம் சுளித்தபடி கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழிலும் இதே சவாலைச் செய்யலாம் என்று எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் என்று அந்தக் காலத் துப்பறியும் நாவலாசிரியர்களைக் கேட்டால், யாரும் எடுப்பதில்லை என்று பழசையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். நூறு வருடத்துக்கு முன் வீடு வீடாகக் கைமாறிய புத்தகங்கள் அவை. கிலோ என்ன விலைக்குப் போட்டார்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இலக்கு ஆறு வைத்தால் போதும். பெயர், நேரம், இடம் குறிக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லெரி குவீன் என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய ஆரம்பகால நாவல் ஒன்று அதில் இருக்கட்டும். தடயங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று, இனி நீங்களே விடை சொல்லுங்கள் என்று கதையை நிறுத்தி வாசகரிடமே கேட்பார்கள். அங்கே நிஜமாகவே நிறுத்துங்கள்.

இந்த வருடம் ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் எழுதிய துப்பறியும் நாவல்களை எடுத்திருக்கிறோம். எழுத வருவதற்கு முன் அவர் ரயில்வே இன்ஜினியர். அதைச் சொன்னதிலிருந்து அப்பா ஸ்கேலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.