கீழே நாமே குடியிருக்கும்போது மாடி வீடுகளைக் கவனிக்கத் தனியாக ஆள் வேண்டுமா?

கேள்வி: சென்னையில் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். மாடியில் இரண்டு போர்ஷன்களைத் தலா 15,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறோம். வாடகையில் 8% கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் அதே வீட்டில் இருக்கும்வரை வேண்டாம் என்பேன். நாங்களும் மடிப்பாக்கத்தில் இப்படித்தான், கீழே நாங்கள், மேலே குடித்தனக்காரர்கள்.

ஆள் வைத்தால் தொல்லை விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காலை ஆறரைக்கு மாடிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் அவர்கள் மேலாளருக்குப் போன் போட்டுக் காத்திருக்க மாட்டார்கள். மாடிப்படியில் நின்று "ஆன்ட்டி, தண்ணி வரல" என்று குரல் கொடுப்பார்கள். மோட்டார் சுவிட்ச் நம் வீட்டுக்குள் இருக்கிறது. சம்பு மூடியைத் தூக்கிப் பார்ப்பதும், காலியாக இருந்தால் லாரிக்குச் சொல்வதும் நாம்தான். இதற்கு மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 ரூபாய் எதற்கு? வருமான வரியிலும் அது உதவாது. வீட்டு வரி போக மீதி வாடகையில் 30%, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கழிவு உண்டு. மேலாளர் கட்டணத்தைத் தனியாகக் கழிக்க முடியாது.

நிஜமான கஷ்டம் வேறு. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கும் மனிதர்களிடம் பாக்கி கேட்க வாய் வராது. அதற்குத் தீர்வு ஒப்பந்தம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும், வாடகை அதிகாரியிடம் பதிவும் கட்டாயம். வாடகைத் தேதி, வருட ஏற்றம், தண்ணீர் லாரிக் காசில் யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ரிப்பேர் சண்டைக்கும் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் நம் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், கதவுப் பூட்டு அவர்கள் பொறுப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்தே கொடுக்கிறோம். அப்புறம் "இது யார் செலவு?" என்ற பேச்சே எழுவதில்லை.

வீடு காலியானால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுங்கள், அது நியாயமான செலவு. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் ஒவ்வொருவரைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே வயதான பெற்றோர் மட்டும் இருந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் கதை வேறு. எழுபத்தைந்து வயதில் சம்பு மூடியைத் தூக்கச் சொல்லக் கூடாது. அங்கே ஆள் கட்டாயம் வேண்டும், தெருவிலேயே இருப்பவராகப் பாருங்கள். வாடகை மட்டும் நேராகப் பெற்றோர் வங்கிக் கணக்குக்கு வரட்டும். கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை ரிப்பேர் செய்யலாம் என்பதையும் அவரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.