டிம்சம் (சீனச் சிறு பலகாரம்) கடையில் டீ பானை காலி, அரைமணி நேரமாகியும் வெந்நீர் ஊற்ற ஆள் வரவில்லை

பானை மூடியைத் தூக்கி விளிம்பில் சாய்த்து வையுங்கள், கூப்பிடவே வேண்டாம். ஹாங்காங்கில் டீயோடு டிம்சம் சாப்பிடும் யம் சா கடைகளில் மூடி சரியாக மூடியிருந்தால், உள்ளே டீ இருக்கிறது என்று பணியாளர் கடந்துபோய்விடுவார். அரைமணி நேரம் நீங்கள் காத்திருந்தது அநேகமாக இதனால்தான்.

அதற்கு முன் மேஜையில் இரண்டாவது பானை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதில் வெறும் வெந்நீர்தான், நீங்களே ஊற்றிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று என்றால், மூடி சாய்ந்த பானையை ஆள் நடமாடும் ஓரமாகத் தள்ளிவையுங்கள். அவர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேஜையை லேசாகத் தட்டினால் போதும், அதுவே நன்றி.

ஆனால் வருவது வெந்நீர் மட்டும், புது இலை இல்லை. பூ-ஏர் என்ற சீன டீ பல தடவை தாங்கும்; மல்லிகை டீ சீக்கிரம் வெளுத்துவிடும். டீக்காசு தலைக்கு இவ்வளவு என்றுதான் பில்லில் ஏறும், எத்தனை தடவை ஊற்றினாலும் சரி.